வனஸ்பதி புகட்டிய பாடம்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒரு காலத்தில் தவறாமல் காணப்பட்ட பொருள் ஒன்று உண்டு. மஞ்சள் நிறத் தகர டப்பா. அதன்மேல் பச்சை நிறத்தில் மரத்தின் உருவம். உள்ளே இருந்த பண்டம் தீர்ந்த பின்னரும் டப்பாவை எவரும் எறிந்துவிட மாட்டார்கள். உளுந்து கொட்டி வைக்கவும், ஊரிலிருந்து வந்த வற்றலைப் பத்திரப்படுத்தவும், மாடிமுகப்பில் துளசிச் செடி வளர்க்கவும் அது பயன்பட்டது. டால்டா என்பது ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயரே. ஆயினும் எந்தக் கம்பெனி செய்த வனஸ்பதியையும் மக்கள் அப்பெயராலேயே அழைத்தார்கள். ஒரு பொருளின் பெயர் அந்த இனத்திற்கே பெயராகிவிடும் அளவிற்கு அது நம் நாட்டுச் சமையலறைகளில் இடம் பெற்றுவிட்டது.

இந்நாளில் அந்த டப்பாவின் இடத்தைப் பளபளக்கும் பொட்டலங்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. வறுவல், பிஸ்கட், இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் நூடுல்ஸ், புட்டியில் அடைத்த இனிப்புப் பானம் எனப் பலவகை உணவுகள் ஆலையிலிருந்து நேரே குழந்தைகளின் கைக்கு வருகின்றன. அளவு கடந்து ஆலையில் பதப்படுத்தப்பட்ட இவற்றை ஆராய்ச்சியாளர் தனி வகையாகப் பிரித்துள்ளனர். தமிழில் இவற்றை மிகைப்பதன உணவுகள் எனலாம். இவை உடலுக்குக் கேடு செய்கின்றனவா என்னும் கேள்வி உலகெங்கும் எழுந்துள்ளது. அக்கேள்விக்கு விடை தேடுமுன் வனஸ்பதியின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று. இந்திய நாடெங்கும் பரவிய முதல் ஆலை உணவுகளுள் அது ஒன்று. அது வந்த நாளில் மக்கள் கேட்ட கேள்விகளும், அவர்களுக்குக் கூறப்பட்ட விடைகளும், அவ்விடைகளுக்குப் பின்னாளில் நேர்ந்த கதியும் இன்றைக்கும் பயன் தருவன.

உணவைப் பதப்படுத்துவது தன்னளவில் குற்றமாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனிதன் சமைக்கக் கற்ற நாள் முதலாக உணவைப் பதப்படுத்தியே உண்டு வருகிறான். நம் புழுங்கலரிசியே இதற்குச் சிறந்த சான்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி இயந்திர ஆலைகள் ஆசியாவில் பரவின. வெண்மையாகத் தீட்டிய அரிசி மலிவாகக் கிடைத்தது. அதை உண்ட இடங்களில் கால்கள் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளரும் பெரிபெரி நோய் மிகுந்தது. ஜாவாத் தீவில் பணிபுரிந்த ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர், மருத்துவமனையில் எஞ்சிய வெள்ளரிசிச் சோற்றை உண்ட கோழிகள் அதைப் போன்றதொரு நோயால் தள்ளாடியதையும், தீட்டாத அரிசி கொடுத்தபோது அவை தேறியதையும் கண்டார். அரிசியின் தவிட்டோடு உயிருக்கு இன்றியமையாத சத்து ஒன்றும் போய்விடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஐக்மானுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் நீலகிரியிலுள்ள குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்பவரின் தலைமையில் உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இயங்கி வந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடைய துணைவரும் ஓர் உண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டினர். ஆலையில் தீட்டிய பச்சரிசியையே உண்டு வந்த ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி காணப்பட்டது; அரிசியே முதன்மை உணவாயினும், புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிதாக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் ஊறி நிலைத்துவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. கல்வியறிவில்லாத பாட்டிமார் நெல் அவித்த அண்டாவும் ஒரு பதப்படுத்தும் சாதனமே; ஆலையின் உருளையும் ஒரு பதப்படுத்தும் சாதனமே. ஒன்று சத்தைக் காத்தது. மற்றொன்று சத்தைக் களைந்தது. ஆகவே, எவ்வாறு பதப்படுத்தப்பட்டது, எதன் பொருட்டுப் பதப்படுத்தப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இனி வனஸ்பதிக்கு வருவோம். பால் சபாத்தியே என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர், நிக்கல் உலோகத்தின் நுண்பொடி முன்னிலையில் ஹைட்ரஜன் வாயுவைப் பல பொருள்களோடு சேர்க்கலாம் என்று கண்டறிந்தார். அம்முறையைத் திரவமான எண்ணெய்களுக்குக் கையாண்டு, அவற்றைக் கெட்டியான கொழுப்பாக மாற்றும் வழியை ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் கண்டு, 1902இல் காப்புரிமை பெற்றார். சபாத்தியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே, பருத்திக்கொட்டை எண்ணெயை இவ்வாறு கெட்டியாக்கிச் செய்த சமையல் கொழுப்பு ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதுவரை விலை மதிப்பற்றிருந்த எண்ணெயும் கொழுப்பும் இவ்வாறு வெண்ணெய் போன்ற தோற்றம் பெற்றன. கெட்டியான கொழுப்பு எளிதில் சிக்கு வாடை அடையாது, பல மாதம் இருக்கும், தொலைதூரம் அனுப்பலாம். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

இந்தியாவிற்கு இக்கொழுப்பு முதலில் ஹாலந்து நாட்டிலிருந்து இறக்குமதியாயிற்று. பின்னர் இங்கேயே ஆலைகள் எழுந்தன. 1932 அளவில் பம்பாயின் சேவ்ரிப் பகுதியில் பெரிய ஆலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. டால்டா என்னும் பெயர் 1937இல் சந்தைக்கு வந்தது. வட இந்தியச் சமையலுக்கு நெய்யே உயிர். ஆனால் நெய்யின் விலையோ சாமானியருக்கு எட்டாதது. தோற்றத்தில் நெய்யை ஒத்து, நெய்யைப்போல் மணல்மணலாக உறைந்து, விலையில் மிகக் குறைந்த ஒரு பொருள் வந்தால் மக்கள் நாடாமல் இருப்பார்களா? ஆயினும் முதலில் அவர்கள் ஐயுற்றார்கள். அந்த ஐயத்தைப் போக்குவதற்கென்றே விளம்பரத் துறையில் இந்நாடு அதுவரை கண்டிராத முயற்சிகள் நடைபெற்றன. டப்பாவின் வடிவில் அமைத்த வண்டி ஒன்று பம்பாய் வீதிகளில் சுற்றி வந்தது. திரையரங்குகளில் விளம்பரப் படம் காட்டப்பட்டது. தெருவில் அடுப்பு மூட்டிப் பலகாரம் பொரித்து வழிப்போக்கருக்குக் கொடுத்துச் சுவை பார்க்கச் செய்தனர். ஒரு புதிய உணவை மக்கள் ஏற்பதற்குச் சுவையும் மலிவும் மட்டும் போதா, நம்பிக்கையையும் உண்டாக்க வேண்டும் என்பதை அந்நாளைய வியாபாரிகள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

நம்மவர் நிலை சற்று வேறுபட்டது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் நிலக்கடலை எண்ணெயும், மேற்குக் கரையை ஒட்டிய பகுதிகளில் தேங்காய் எண்ணெயும் தமிழர் அடுப்பில் பழகியவை. வடபுலம் சென்றவருக்கு நல்லெண்ணெய் எளிதில் கிடைக்கவில்லை. அங்கே எங்கும் கிடைத்த கடுகெண்ணெயின் நெடி பிடிக்கவில்லை. மணமற்ற வனஸ்பதி அவர்களுக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. தீபாவளி முறுக்கும் மைசூர்ப்பாகும் அதிலேயே உருவாயின. கடைவீதியின் பட்டூராவும் ஜிலேபியும் சமோசாவும் பெரும்பாலும் அதில் பொரிந்தவையே. அந்த வனஸ்பதியின் மூலப்பொருளுள் நிலக்கடலை எண்ணெய் முதன்மையானது என்பதையும், நிலக்கடலை பெருமளவில் விளைந்த இடங்களுள் நம் ஆர்க்காட்டு மாவட்டங்களும் அடங்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், வீட்டு எண்ணெயே வேடம் மாறி டப்பாவில் வந்தது என்று சொல்லத் தோன்றும்.

எதிர்ப்பு இல்லாமல் இப்பொருள் பரவிவிடவில்லை. பால் வளத்தையும் கிராமப் பொருளாதாரத்தையும் இது கெடுக்கும் என்று பலர் அஞ்சினார்கள். நெய் என்ற பாவனையில் இதை மக்களிடம் விற்பதை மோசடி என்று காந்தியடிகள் தம் ஹரிஜன் இதழில் கண்டித்தார். நாடு விடுதலை பெற்றபின் நாடாளுமன்றத்திலும் வனஸ்பதியைத் தடை செய்யக் கோரும் மசோதா விவாதத்திற்கு வந்தது. பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதங்கள் நிகழ்ந்தன. எதிர்த்தவர்களின் குரலில் இருவகை அச்சம் கலந்திருந்தது. ஒன்று, நெய்யில் வனஸ்பதியைக் கலந்து ஏமாற்றுவார்கள் என்பது. மற்றொன்று, அதை உண்பதால் உடலுக்குத் தீங்கு வரும் என்பது.

முதல் அச்சத்திற்கு அரசாங்கம் அழகான பரிகாரம் ஒன்றைக் கண்டது. வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் கலந்திருக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கப்பட்டது. நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள், குறிப்பிட்ட அமிலத்தோடும் வேறொரு திரவத்தோடும் சேர்த்துக் குலுக்கினால் செந்நிறம் காட்டும். பொதுவான் சோதனை என்பது அதன் பெயர். எவரேனும் நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால், உடன் சென்ற நல்லெண்ணெய் சோதனைக் குழாயில் சிவந்து அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். எள்ளின் எண்ணெய் இவ்வாறு பல்லாண்டுக் காலம் கலப்படத்தைக் காவல் காத்தது. வனஸ்பதியில் இயற்கையாக இல்லாத வைட்டமின் ‘ஏ’ சத்தையும் குறிப்பிட்ட அளவு சேர்க்க வேண்டும் என்று மற்றொரு விதி ஏற்பட்டது. நெய்யில் உள்ளது இதில் இல்லை என்ற குறையும் அதனால் தீர்ந்ததாகக் கருதப்பட்டது.

இரண்டாவது அச்சத்தை ஆராயும் பொறுப்பு ஆய்வுக்கூடங்களிடம் விடப்பட்டது. நாட்டின் பல இடங்களில் எலிகளுக்கு வனஸ்பதி கலந்த உணவை ஊட்டி வளர்ச்சி, செரிமானம், இனப்பெருக்கம் முதலியவற்றைச் சோதித்தார்கள். சில சோதனைகள் ஐயத்தை எழுப்பின. எனினும், சாதாரண எண்ணெயோடு ஒப்பிட வனஸ்பதியால் குறிப்பிடத்தக்க தீங்கு காணப்படவில்லை என்பதே இறுதியில் ஏற்கப்பட்ட முடிவு. அச்சம் கொண்டவர்கள் விஞ்ஞானம் அறியாதவர்கள் என்ற எண்ணம் படித்தவரிடையே பரவியது.

அந்த ஆராய்ச்சியாளர்கள் பொய் சொன்னார்கள் என்று இன்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. கேட்ட கேள்விக்கு அவர்கள் நேர்மையாகவே விடை கூறினார்கள். குறை கேள்வியில் இருந்தது. எலி சில மாதங்களில் வளர்ந்துவிடும். மனிதனுடைய இரத்தக் குழாய் அடைபட முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகும். அன்றியும், மனிதருக்கு வருவது போன்ற இரத்தக் குழாய் அடைப்பு எலிகளுக்கு எளிதில் வருவதில்லை. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களுள் கேடு செய்வன எவை, நன்மை செய்வன எவை என்று பிரித்தறியும் வழியும் அக்காலத்தில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. தீங்கு காணப்படவில்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றென்று கொள்ளப்பட்டன. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்க ஒரு மனிதனின் ஆயுட்காலம் தேவைப்பட்டது.

அத்தீங்கின் மூலம் யாது? எண்ணெயின் மூலக்கூறு நீண்ட சங்கிலி போன்றது. சங்கிலியில் ஆங்காங்கே சில இணைப்புகள் வளைந்திருப்பதால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கி நிற்க இயலாமல் எண்ணெய் திரவமாக இருக்கிறது. ஹைட்ரஜனைச் செலுத்தும்போது அந்த இணைப்புகள் நிறைவு பெற்றுச் சங்கிலி நேராகிறது, கொழுப்பு உறைகிறது. முழுவதும் செலுத்தினால் மெழுகுபோல் கடினமாகிவிடும். ஆதலால் ஆலையில் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அவ்வாறு பாதியில் நிறுத்தும்போது, எஞ்சிய இணைப்புகளுள் பல, நிறைவு பெறாமலே வடிவம் மாறி, நேராக நீண்டுவிடுகின்றன. இவ்வாறு உருமாறியதைத்தான் டிரான்ஸ் கொழுப்பு என்பர். பசுவின் பாலிலும் இது சிறிதளவு உண்டு. ஆனால் ஆலைக் கொழுப்பில் உள்ள அளவிற்கு மனித இனம் அதற்குமுன் எந்நாளும் உண்டதில்லை.

இதனை முதலில் கண்டு எச்சரித்தவர்களுள் ஃபிரெட் கும்மரோ முக்கியமானவர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த அவர், இறந்தவர்களின் உடல் திசுக்களில் இக்கொழுப்பு படிந்திருப்பதை 1957இல் தம் குழுவினருடன் வெளியிட்டார். அவரது சொல் நெடுங்காலம் அம்பலம் ஏறவில்லை. 1990இல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்களான மென்சிங்கும் கட்டானும் நல்ல உடல்நலமுள்ள 59 பேருக்கு மூன்று விதமான உணவுகளை மும்மூன்று வாரம் கொடுத்துச் சோதித்தார்கள். டிரான்ஸ் கொழுப்பு மிகுந்த உணவு, கேடு செய்யும் கொலஸ்ட்ராலை உயர்த்தியதோடு நன்மை செய்யும் கொலஸ்ட்ராலையும் குறைத்துவிட்டது. எந்த நாட்டிலிருந்து இக்கொழுப்பு முதன்முதலில் இந்தியாவிற்குக் கப்பலேறி வந்ததோ, அந்த நாட்டிலிருந்தே அதற்கு எதிரான அழுத்தமான சான்றும் வந்தது. அதன்பின் அமெரிக்காவில் பல்லாயிரம் செவிலியரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வும், இக்கொழுப்பை மிகுதியாக உண்டவர்க்கு இருதய நோய் மிகுந்ததைக் காட்டியது.

2003இல் டென்மார்க் இதற்கு முதன்முதல் சட்ட வரம்பு விதித்தது. கொழுப்பில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் ஆலையில் உண்டான டிரான்ஸ் கொழுப்பு கூடாது என்றது. கும்மரோ தம் 94ஆம் வயதில், 2009இல், அமெரிக்க அரசாங்கத்திடம் முறையீடு செய்தார். பதில் வராதது கண்டு வழக்கும் தொடுத்தார். 2015இல் அந்நாடு, பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் பாதுகாப்பானதாகக் கருதத் தக்கதன்று என்று அறிவித்தது. தம் வாழ்நாளிலேயே அதைக் கண்ட அவர், 2017இல் 102 வயதில் மறைந்தார்.

இந்தியாவில் என்ன நேர்ந்தது? 2009இல் தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் கடைகளில் விற்ற எண்ணெய்களைச் சோதித்தபோது, வனஸ்பதி வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு டென்மார்க்கு விதித்த வரம்பைப்போல் ஐந்து முதல் பன்னிரண்டு மடங்கு வரை இருந்தது. 2011இல் நம் நாட்டுச் சட்டம் 10 விழுக்காடு என்று முதல் வரம்பு விதித்தது. பின்னர் அது 5 ஆகி, 2021 ஜனவரியில் 3 ஆகி, 2022 ஜனவரியில் 2 விழுக்காடாயிற்று.

கணக்கிட்டுப் பாருங்கள். டால்டா என்னும் பெயர் கடைக்கு வந்த 1937 முதல் 2022 வரை 85 ஆண்டுகள். ஹாலந்து நாட்டுச் சோதனை வெளியானபின்னும் 32 ஆண்டுகள். தகர டப்பாவைப் பத்திரமாகத் துடைத்து வைத்த தலைமுறை முதுமை எய்தி, அவர்களுள் பலர் இருதய நோயால் மறைந்தும் போயினர். எந்த ஒருவருடைய மரணத்தையும் ஒரு டப்பாவின்மேல் ஏற்றிச் சொல்ல இயலாது; புகைபிடித்தலும் உழைப்புக் குறைவும் பிற காரணங்களும் உள்ளன. ஆனால் தவிர்த்திருக்கக் கூடிய ஒரு சுமையை நாடு முழுவதும் மூன்று தலைமுறைக் காலம் சுமந்தது என்பதில் ஐயமில்லை. அதைவிட எண்ணத் தக்கது ஒன்று உண்டு. அரசாங்கம் அக்காலத்தில் நல்லெண்ணெய் சேர்க்கச் சொன்னது. வைட்டமின் சேர்க்கச் சொன்னது. இரண்டும் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டவையே. ஆனால் தீங்கோ பண்டத்தில் இல்லாதுபோன சத்தினால் வரவில்லை. ஆலையில் அது உருமாறிய முறையினால் வந்தது. வெளியிலிருந்து எதைச் சேர்த்தாலும் அந்த உருமாற்றம் நீங்குமா?

இந்த இடத்தில்தான் வனஸ்பதியின் கதை இன்றைய பொட்டலங்களின் கதையோடு சேர்கிறது. பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்தேய்ரோ 2009இல் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். உணவில் மாவுச்சத்து எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் எண்ணினால் போதாது. அது எந்த அளவிற்கு, எதன் பொருட்டு ஆலையில் மாற்றப்பட்டது என்றும் பார்க்க வேண்டும் என்றார். அவரும் துணைவரும் வகுத்த நோவா என்னும் பாகுபாட்டில் நான்கு பிரிவுகள் உள்ளன. அரிசி, காய்கறி, பால், முட்டை போன்றவை முதற் பிரிவு. உப்பு, எண்ணெய், வெல்லம், சர்க்கரை போன்ற சமையல் துணைப் பொருள்கள் இரண்டாவது. ஊறுகாய், பாலாடைக்கட்டி போல் முதலிரண்டையும் சேர்த்துச் செய்தவை மூன்றாவது. நான்காவது பிரிவே மிகைப்பதன உணவு. தானியத்தையும் எண்ணெய் வித்தையும் ஆலையில் கூறு கூறாகப் பிரித்து, அக்கூறுகளை மீண்டும் சேர்த்து, எந்த வீட்டு அடுக்களையிலும் காணாத மணப்பொருள், நிறப்பொருள், இனிப்புப் பொருள், நீரும் எண்ணெயும் பிரியாமல் பிணைக்கும் பொருள் ஆகியவற்றைக் கூட்டிச் செய்வது அது. ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயையும் இவ்வகை உணவின் அடையாளங்களுள் ஒன்றாக அவர்கள் குறித்தார்கள்.

இதன் விளைவை அறிய, அமெரிக்க தேசியச் சுகாதார நிலையத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு நடத்திய சோதனை 2019இல் வெளிவந்தது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் மிகைப்பதன உணவும் இரண்டு வாரம் எளிய உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இலையில் இடப்பட்ட உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு ஆகியவை இரு வகையிலும் ஏறக்குறையச் சமமாக அமைக்கப்பட்டன. வேண்டிய அளவு உண்ணலாம் என்று விட்டுவிட்டார்கள். மிகைப்பதன உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலே நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் உடல் எடை ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. எளிய உணவின்போது அதே அளவு இறங்கியது. மெல்லும் வேலை குறைந்ததால் வேகமாக உண்டதும், சிறு கவளத்தில் செறிந்த கலோரியும் இதற்குக் காரணமாயிருக்கலாம். கூறுகளின் கணக்குச் சமமாயிருந்தும் உடல் வேறுபாட்டை உணர்ந்தது என்பதே கவனிக்கத் தக்கது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் சுமார் 1,05,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, உணவில் இவ்வகையின் பங்கு 10 விழுக்காடு கூடக் கூட இருதய, இரத்தக் குழாய் நோய்கள் சுமார் 12 விழுக்காடு மிகுந்திருந்ததைக் கண்டது.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹாலின் சோதனையில் பங்கேற்றோர் 20 பேரே, காலமும் குறுகியது. பிரெஞ்சு ஆய்வு தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை முழுதும் நிலைநாட்டவில்லை. மேலும் இப்பிரிவில் இனிப்புப் பானமும் அடங்கும். ஆலையில் செய்த சில கோதுமை ரொட்டிகளும் அடங்கும். எல்லாவற்றிற்கும் ஒரே தீங்கு என்று கூறுதல் பொருந்தாது என்று வாதிடும் அறிஞர்களும் உளர். மறுபுறம், பாட்டி கையால் செய்த முறுக்காயினும் நாள்தோறும் ஒரு தட்டு உண்டால் உடல் பொறுக்காது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும், தீங்கு முற்றிலும் நிறுவப்படவில்லை என்ற சொல்லை இந்நாடு முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறது. இருதய நோய்க்கு வேண்டிய முழுச் சான்று கிட்டுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும் என்பதை வனஸ்பதி நமக்குக் காட்டிவிட்டது.

நம் நாட்டில் ஆராய்ச்சியாளரும் இதை உணர்ந்துள்ளனர். குன்னூரில் புழுங்கலரிசியின் பெருமையை உலகிற்குச் சொன்ன அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குகிறது. அந்நிறுவனம் 2024இல் இந்தியருக்கென வெளியிட்ட உணவு நெறிகளில், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளோடு மிகைப்பதன உணவுகளையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியுள்ளது. சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் நீரிழிவு கொண்டோர் 10 கோடியே 10 இலட்சம் பேர். இவ்வளவும் பொட்டலத்தினால் வந்ததன்று. தீட்டிய அரிசியும் கோதுமை மைதாவும் அசையாத வாழ்க்கையும் இதில் பங்குடையவை. ஆனால் ஏற்கெனவே நோயின் விளிம்பில் நிற்கும் ஒரு சமுதாயத்திற்கு, பசியை அடக்காமல் மேன்மேலும் உண்ணத் தூண்டும் உணவு எத்தகைய துணையாகும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொன்றும் கருதுதற்குரியது. டிரான்ஸ் கொழுப்பிற்கு வரம்பு வந்தபின் ஆலைகள் பாமாயிலையும், கொழுப்பு அமிலங்களை வேறு முறையில் இடம் மாற்றிக் கெட்டியாக்கிய கொழுப்புகளையும் பெரிதும் கையாளத் தொடங்கியுள்ளன. பழைய தீங்கு குறைந்தது. அது மகிழத் தக்கதே. புதியதை நீண்ட காலம் உண்டால் என்ன ஆகும் என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. பொட்டலத்தின் மேல் வைட்டமின் சேர்த்தது, இரும்புச்சத்து சேர்த்தது என்று பெரிய எழுத்தில் காணும்போது, மஞ்சள் டப்பாவில் சேர்த்த வைட்டமின் ‘ஏ’யை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிறந்த ஊரை விட்டு வந்தவருக்கு இவ்விஷயத்தில் தனிப்பட்ட பொறுப்பு உண்டு. ஊரில் உள்ளவருக்குப் பழைய உணவு தானே கிடைக்கும். நாமோ அதைத் தேடிப் பெற வேண்டும். தனியறையில் வாழும் இளைஞருக்கும், கணவன் மனைவி இருவரும் அலுவலகம் செல்லும் வீட்டிற்கும் பொட்டலம் பெரிய உதவியாகத் தோன்றும். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. நேரமின்மை உண்மையான துன்பமே. ஆயினும் நம் சமையலிலேயே நேரத்தைச் சேமிக்கும் வழிகள் பல உள்ளன. ஞாயிற்றுக்கிழமை அரைத்து வைத்த மாவு புளித்து, நான்கு நாள் இட்டிலியும் தோசையுமாக உதவும். பொரிகடலையும் அவலும் வேர்க்கடலை உருண்டையும் குழந்தைக்கு உடனே கொடுக்கத் தக்கவை. மோருக்கு விளம்பரம் தேவையில்லை. கரோல்பாக்கிலும் மாட்டுங்காவிலும் லேக் மார்க்கெட்டிலும் புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் விற்கும் கடைகள் ஏற்பட்டதே, நம் முன்னோர் அவற்றைக் கேட்டு வாங்கியதனாலன்றோ!

பொட்டலம் வாங்கத்தான் வேண்டும் என்று நேரும்போது, அதன் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. அதில் கண்ட பொருள்கள் நம் அஞ்சறைப் பெட்டியிலும் அலமாரியிலும் இருப்பவையானால் அச்சமில்லை. பெயரே வாயில் நுழையாத பல பொருள்கள் வரிசையாக நின்றால், அதை விருந்து நாளுக்கென்று ஒதுக்கிவிட்டு, அன்றாட உணவிலிருந்து விலக்கலாம். இதற்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை.

நம் பெற்றோர் வனஸ்பதியை வாங்கியபோது அறிந்தே தவறு செய்யவில்லை. அறிந்து சொல்ல வேண்டியவர்களே அன்று அறிந்திருக்கவில்லை. நமக்கு அந்தச் சமாதானம் இல்லை. 85 ஆண்டுகள் கொடுத்து இந்நாடு கற்ற பாடம் நம் கண்முன் இருக்கிறது. அதை நம் பிள்ளைகளின் தட்டில் எவ்வாறு பயன்படுத்தப் போகிறோம் என்பது நம் கையில் உள்ளது.